‘கணினியில் அழிந்துவிட்டது’ – இது ஒரு பதிலாகுமா?

அரசாங்கக் கந்தோர்களிலே ஒரு புதிய சொற்றொடர் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. முன்னெல்லாம் காணிப் பத்திரம் கேட்டோ, ஓய்வூதியக் கோவை கேட்டோ, பிறப்புப் பதிவின் திருத்தம் கேட்டோ படியேறிய ஏழை மகனுக்குக் கிடைத்த பதில், “கோவையைக் காணவில்லை; அடுத்த கிழமை வாரும்” என்பதாகும். அடுத்த கிழமை போனால் அதற்கடுத்த கிழமை. இன்று அந்தக் கோவை பலவேளைகளில் காகிதக் கட்டாக இல்லை; கணினிக்குள்ளே ஒரு கோப்பாக இருக்கிறது. பதிலும் அதற்கேற்ப மாறிவிட்டது. “அது கணினியில் அழிந்துவிட்டது ஐயா, நாங்கள் என்ன செய்வது?” என்று இலிகிதர் கையை விரிக்கிறார். கேட்டவரும், இடிவிழுந்து கூரை எரிந்த செய்தியைக் கேட்டவர்போல, எல்லாம் விதி என்று எண்ணித் திரும்பி விடுகிறார்.

காணாமற்போன கோவையைத் தேடும்படி வற்புறுத்தலாம் என்பதை எமது மக்கள் அறிவார்கள். அலுமாரியைத் திற, மேசை இழுப்பறையைப் பார் என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு உண்டு. ஆனால், கணினியில் அழிந்த ஒன்றையும் தேடும்படி வற்புறுத்தலாம் என்பதைப் பெரும்பாலானோர் அறியார். தேடலாம். தேடினால், தகுந்த வேளையில் தேடினால், பெரும்பாலும் கிடைக்கவும் செய்யும். அந்தத் ‘தகுந்த வேளை’ எது என்பதிலேதான் இந்த விஷயத்தின் உயிர் தங்கியிருக்கிறது. அதைப் பொதுமக்கள் அறிந்து கொள்ளாதவரை மேற்சொன்ன பதிலுக்கு மறுமொழி சொல்ல அவர்களால் இயலாது.

முதலில், அழித்தல் என்றால் என்ன? காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே பெரும் பதிவேடுகள் ஒருபுறம் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் காணியின் விபரம் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை மற்றொருபுறம் இருக்கிறது. கணினியின் வன்தட்டும் இவ்வாறே அமைந்தது. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது கணினியானது பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்தெறிவதில்லை. அட்டவணையிலே அந்தக் கோப்பின் பெயருக்கு நேரே ஒரு குறியை இட்டு, ‘இந்தப் பக்கங்கள் இனி வெறுமை, வேறெதுவும் இங்கே எழுதப்படலாம்’ என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். ‘ஃபாட்’ எனப்படும் பழைய முறையிலே கோப்புப் பெயரின் முதலெழுத்து மாத்திரம் மாற்றப்பட்டு, அது இருந்த இடங்கள் காலியென்று குறிக்கப்படும். விண்டோஸ் கணினிகளில் இப்பொழுது வழங்கும் ‘என்.டி.எஃப்.எஸ்.’ முறையிலும் கோப்பின் பதிவு ‘பாவனையில் இல்லை’ என்று குறிக்கப்படுகிறது. எழுதிய எழுத்தோ எழுதிய இடத்திலேயே கிடக்கிறது. எவ்வளவு காலத்துக்கு? அந்த இடத்திலே வேறொன்று எழுதப்படும் வரைக்கும். அது ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், ஓராண்டாகவும் இருக்கலாம்.

இதற்கும் முன்னதாக ஒரு சிறு தடுப்பு உண்டு. 1995 ஆம் ஆண்டின் விண்டோஸ் முதற்கொண்டு, அழித்த கோப்பு நேரே போய்விடாமல் ஒரு குப்பைத் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளக் குழந்தைக்கும் தெரியும். ஐபோனில் அழித்த படங்கள் ஏறத்தாழ 30 நாட்களும், கூகிள் டிரைவில் அழித்த கோப்புகள் 30 நாட்களும் இத்தகைய தொட்டியிலே காத்திருக்கின்றன. ஆனால் நாம் பேசுவது தொட்டியும் காலியான பின்புள்ள நிலையைப் பற்றி.

அழிந்ததை மீட்கும் வித்தை புதியதன்று. அமெரிக்காவிலே பீட்டர் நோர்ட்டன் என்ற மென்பொருள் எழுத்தாளர் ஒருமுறை கைதவறித் தமது கோப்பொன்றை அழித்துவிட்டார். மறுபடியும் தட்டச்சுச் செய்ய மனமில்லாத அவர், அழிந்ததைத் தட்டிலிருந்து மீட்கும் ஒரு மென்பொருளையே எழுதினார். 1982 இல் ‘நோர்ட்டன் யூட்டிலிட்டீஸ்’ என்ற பெயரில் வெளிவந்த தொகுப்பிலே அதுவே நடுநாயகமாக விளங்கிற்று. அவர் செல்வந்தரானதும் அதனாலேயே. 1991 இல் வெளிவந்த ‘எம்.எஸ்.டொஸ் 5’ இலே, அழித்ததை மீட்கும் கட்டளை கணினியோடேயே சேர்த்து வழங்கப்பட்டது. இன்று ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ போன்ற மென்பொருள்கள் காசின்றிக் கிடைக்கின்றன. 2020 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் தனது மீட்பு மென்பொருளொன்றை இலவசமாக வெளியிட்டது. ஆகவே, மீட்பதற்குக் கருவியில்லை, பணமில்லை என்று எந்தக் கந்தோராவது சொல்லுமானால் அதை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

அழிந்ததென்று எண்ணப்படுவது எவ்வளவு தூரம் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர், பழைய கணினிப் பொருட்களாக விற்கப்பட்ட 158 வன்தட்டுக்களை வாங்கிச் சோதித்து 2003 இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுக்களில், முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மாத்திரமே. மற்றவற்றிலே முந்திய சொந்தக்காரரின் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், கடன் அட்டை இலக்கங்கள் எல்லாம் கிடந்தன. அழித்துவிட்டோம் என்று நம்பி விற்றவர்களுடைய இரகசியம் அழியவில்லை. அழிந்துவிட்டது என்று சொல்லி மக்களைத் திருப்பியனுப்பும் கந்தோரின் கோப்பு மாத்திரம் கண்ணிமைப்பொழுதில் காற்றோடு கலந்துவிடுகிறதாம்!

எனினும் உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். புதிய கணினிகளில் உள்ள ‘எஸ்.எஸ்.டி.’ என்ற வட்டுக்களின் நிலை வேறு. சுழலும் தட்டு அவற்றில் இல்லை. கோப்பை அழித்தவுடன் ‘டிரிம்’ என்ற கட்டளை வட்டுக்குச் செல்ல, வட்டே அந்த இடத்தை வெறுமையாக்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே மீட்பு பெரும்பாலும் கைகூடாது. கைத்தொலைபேசிகளின் உள்நினைவகமோ மறைகுறியில் எழுதப்படுவது. அதிலும் நம்பிக்கை குறைவு. பழைய வன்தட்டு, பென் டிரைவ், கமெராவின் நினைவக அட்டை ஆகியவற்றில்தான் வாய்ப்பு அதிகம். புதிய வட்டுக்களுக்குக் கந்தோர்கள் மாற மாற, மீட்பை நம்பியிருக்கும் காலம் குறுகிக்கொண்டு போகிறது என்பதையும், வேறிடத்தில் பிரதி வைத்திருப்பது அதற்கேற்ப அவசியமாகிறது என்பதையும் அதிகாரிகள் உணர்ந்தார்களா என்பது எமக்குச் சந்தேகம்.

கைதவறியவுடன் செய்யவேண்டியது யாது? வேலையை நிறுத்தவேண்டும். அந்தக் கணினியில் மேலும் ஒரு கடிதந்தானும் தட்டச்சுச் செய்யலாகாது, இணையத்தைத் திறக்கலாகாது, மீட்பு மென்பொருளைக்கூட அதே தட்டில் நிறுவலாகாது. ஏனெனில் புதிதாக எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் காலியென்று குறிக்கப்பட்ட அந்தப் பக்கத்தின்மீதே விழக்கூடும். தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இரண்டாந் தட்டாக இணைத்து, முழுத்தட்டையும் அப்படியே பிரதி செய்து, அந்தப் பிரதியில் வைத்தே தேடவேண்டும். கிடைத்ததை மூன்றாவது இடத்தில் சேமிக்கவேண்டும். பட்டினத்துக் கடைகளிலே, “மீட்டுத் தருகிறோம்” என்று பலகை மாட்டியிருப்போர் சிலர் தட்டை வாங்கிய கையோடு அதிலேயே மென்பொருளை நிறுவித் தேடுவதுண்டு. அவர்கள் மீட்பதிலும் பாழாக்குவது அதிகம். கட்சிக்காரரின் இரகசியங்கள் உள்ள தட்டைச் சட்டத்தரணிமார் இத்தகைய கடைகளில் கொடுப்பதில் உள்ள ஆபத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இங்கேதான் தொழினுட்பம் முடிந்து எமது விஷயம் ஆரம்பிக்கிறது. அந்த முதல் மணித்தியாலத்தில், கோப்பு அழிந்த செய்தியை அறிந்தவர் உலகத்தில் ஒருவரே, கைதவறியவர். அவர் பெரும்பாலும் கீழ்மட்ட ஊழியர். சொன்னால் வேலை போகும் என்று அவர் அஞ்சினால் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் கணினி வழமைபோல் ஓடும். ஓட ஓட அழிந்த பக்கங்களின்மீது புது எழுத்து விழும். பின்னர் ஒருநாள் உண்மை வெளிப்படும்பொழுது மேலதிகாரியும் அஞ்சி, தனக்கு மேலுள்ளவரிடம் மறைப்பார். மீட்கக்கூடியதை மீட்கமுடியாததாக மாற்றுவது பெரும்பாலும் இந்த அச்சமே.

ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் உள்ள டலஸ் நகரத்திலே 2021 இல் நடந்ததைப் பாருங்கள். நகராட்சியின் கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர், பொலிஸ் திணைக்களத்தின் கோப்புகளை ஒரு சேமிப்பகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகின்ற வேலையில் ஈடுபட்டிருந்தார். அந்த வேலையில் 22 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. வழக்குகளுக்கு வேண்டிய படங்கள், காணொளிகள், ஒலிப்பதிவுகள், குறிப்புகள் அவற்றுள் அடங்கும். 14 டெராபைட் மீட்கப்பட்டது. சுமார் 8 டெராபைட் மீளவில்லை. மேலும் தேடியபோது இழப்பு 20 டெராபைட்டையும் தாண்டியதென்று தெரியவந்தது. அந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும், போதிய பயிற்சி அவருக்கு இருக்கவில்லை என்பதும் பின்னர் நடந்த விசாரணையிலே வெளிவந்தன.

கைதவறுதல் மனித இயல்பு. அதை நாம் குறைகூற வரவில்லை. குறைகூற வேண்டிய இடம் வேறு. இழப்பு நகராட்சிக்குத் தெரியவந்தது ஏப்ரல் மாதத்தில். மாவட்ட வழக்குத்தொடுநருக்கு அறிவிக்கப்பட்டதோ ஆகஸ்ட் மாதத்தில்! இடையிலே நான்கு மாதங்கள். அந்த நான்கு மாதங்களும் டலஸ் நீதிமன்றங்கள் நடந்துகொண்டுதானிருந்தன. தமது பொலிசாரின் சேமிப்பகத்தில் ஒரு பெருந்துளை விழுந்திருப்பதை அறியாமலே வழக்குத்தொடுநர்கள் வழக்காடினார்கள், எதிரிகளுக்காகத் தோன்றிய சட்டத்தரணிகளும் அறியார், நீதிபதிகளும் அறியார். செய்தி வெளியானதும், கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டு விளக்கத்தை எதிர்நோக்கியிருந்த ஒருவருடைய வழக்கு, சான்றுகள் அழிந்தனவா இல்லையா என்று பார்ப்பதற்காக ஒத்திவைக்கப்பட்டது. அவர் சிறையிலிருந்து வெளியே விடப்பட்டார். இறந்தவரின் குடும்பத்தாருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

மறுபுறத்தையும் எண்ணிப்பாருங்கள். எதிரிக்குச் சாதகமான சான்றை அரசதரப்பு வெளிப்படுத்தியே தீரவேண்டும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1963 இல் பிரேடி என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே டெக்ஸாஸிலே மைக்கல் மோர்ட்டன் என்பவர், தம் மனைவியைக் கொன்றதாக 1987 இல் தண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையிலிருந்து, 2011 இல் நிரபராதியென விடுவிக்கப்பட்டார். அவருக்குச் சாதகமான சான்றுகள் எதிர்த்தரப்புக்குக் காட்டப்படாமல் இருந்தன. அவர் பெயராலேயே 2013 இல் அங்கே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. மறைக்கப்பட்ட சான்றை 25 ஆண்டின் பின்னாவது கண்டெடுக்க முடிந்தது. காகிதமும் துணியும் எங்கோ கிடந்தன. அழிந்த 8 டெராபைட்டுக்குள்ளே இன்னொரு மோர்ட்டனை விடுவிக்கும் சான்று இருந்திருந்தால், அதை எவர் எப்பொழுது கண்டெடுப்பார்? இருந்ததென்று தானும் எவருக்குத் தெரியும்?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மென்பொருள் எழுதுவோர் தமது படைப்புக்களை வைத்திருக்கும் ‘கிட்லாப்’ என்ற நிறுவனத்திலே, 2017 ஜனவரி 31 ஆம் திகதி இரவு, களைத்துப்போயிருந்த ஒரு பொறியியலாளர், துணைச் சேவையகத்தில் அழிப்பதாக எண்ணிக்கொண்டு பிரதான சேவையகத்தின் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சிற்று! காப்புப் பிரதிகளைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருளின் பதிப்பு ஒவ்வாமையால் எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது. எடுக்கப்படவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரிய இடத்தை அடையவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றிற்று. ஆறு மணித்தியாலத்து வேலை போனதுதான் முடிவான நட்டம்.

அவர்கள் செய்தது யாது? ஒளிக்கவில்லை. நடந்தது இன்னது, போனது இன்னது என்று உடனுக்குடன் உலகறிய எழுதினார்கள். மீட்பு வேலையையே யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி நேரடியாகக் காட்டினார்கள். காப்பு முறைகள் எவ்வெவ்வாறு பழுதாகியிருந்தன என்று தம் குறையைத் தாமே வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். அந்தப் பொறியியலாளரைப் பலிக்கடாவாக்கவும் இல்லை. ஓர் இலாப நிறுவனத்துக்கு இருந்த இந்த நேர்மை, மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு நகராட்சிக்கு இல்லாமற் போனதேன்?

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2021 ஜூலையிலே, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரசாங்கத்தின் ‘முகில்’ சேமிப்பகத்திலிருந்து அழிந்துபோயின. நாட்டிலே எந்த மருந்தை இறக்குமதி செய்யலாம், எது பதிவு பெற்றது, எது பெறாதது என்று தீர்மானிக்கும் சபை அது. கொரோனா நோய் உச்சத்திலிருந்த காலம் அது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் கைதானார். கைதவறியதா, வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குரியது. அதிலே நாம் புகவில்லை. எமது கேள்வி வேறு. ஒருவருடைய கை பட்ட மாத்திரத்தில் ஒரு நாட்டின் மருந்துப் பதிவே ஆட்டங்காணும்படி அந்தத் தரவு வைக்கப்பட்டிருந்தது ஏன்? அவர் கைக்கு எட்டாத இடத்தில் முழுமையான இன்னொரு பிரதி இருந்திருந்தால், அந்தக் கைது நாட்டைக் கலக்கும் செய்தியாகியிருக்குமா?

பாடம் படித்தார்களா? இரண்டாண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி, அதே அரசாங்க ‘முகில்’ மீது கப்பம் கேட்கும் கும்பலின் தாக்குதல் நடந்தது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள், அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் போயின. காரணம், காப்புப் பிரதியும் அதே வலையமைப்பில் இணைந்தபடி இருந்து மூலத்தோடு சேர்ந்தே பாழாயிற்று. தனியே கழற்றி வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. வீட்டின் இரண்டு திறப்புக்களையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தவன் கதைதான். முகில் என்ற பெயரைச் சூட்டியவர்கள், முகில் கலைந்துபோவதும் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள் போலும்.

இதற்கு வெளிநாட்டு நிபுணரை அழைக்கவேண்டியதில்லை. எமது ஊர் நொத்தாரிசு நூறாண்டுக்கு மேலாக இதைச் செய்து வருகிறார். 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி ஓர் உறுதி முடிக்கும்பொழுது மூலவுறுதி கட்சிக்காரரின் கைக்குப் போகிறது. இரண்டாம் பிரதி, அடுத்த மாதம் காணிப் பதிவாளருக்கு அனுப்பப்படுகிறது. மூன்றாவதான நெறியேட்டுப் பிரதி நொத்தாரிசின் பாதுகாப்பில் இருக்கிறது. மூன்று பிரதிகள், மூன்று வேறுபட்ட கைகள், மூன்று வேறுபட்ட கூரைகள். ஒன்று கறையானுக்கு இரையானாலும் மற்றது பேசும். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் இடம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் உறுதிப் பெட்டியை இழந்தார்கள். பின்னர் பதிவகத்துப் பிரதியைக் கொண்டோ, நொத்தாரிசு வைத்திருந்த ஏட்டைக் கொண்டோ தமது வளவு தமதே என்று நிறுவினார்கள். பதிவேடுகளும் போருக்கு இரையாகிய இடங்களிலே மக்கள் பட்ட அவதியையும் நாம் அறிவோம். இன்றும் அந்த வழக்குகள் எமது மேசையை விட்டகலவில்லை. கணினித் துறையார் இப்பொழுது ‘மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்’ என்று ஒரு விதியைப் பெரிதாகப் போதிக்கிறார்கள். நொத்தாரிசின் பழைய இரும்புப் பெட்டியிடம் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

பிரதி வெளியிடத்தில் இருப்பதன் மகிமைக்குச் சிரிப்பூட்டும் எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. பிக்ஸார் நிறுவனத்தார் 1998 இல் ‘டோய் ஸ்டோரி 2’ என்ற சித்திரப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, எவரோ இட்ட அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி போயிற்று. காப்புப் பிரதியும் பழுதாயிருந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த காலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகாரசபையும் தன் பதிவேடுகளை முறையாகப் பேணவேண்டும் என்கிறது. சட்டம் வருமுன்பே இருந்த பதிவேடுகளைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுகளுக்குக் குறையாமலும், அதன்பின் உருவாக்கியவற்றை உருவாக்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குக் குறையாமலும் பேணவேண்டும் என்று அப்பிரிவே காலத்தையும் வரையறுக்கிறது. ஒரு தகவலைக் கேட்டு விண்ணப்பம் போட்டபின், அந்த விண்ணப்பமோ மேன்முறையீடோ முடியுமுன் அப்பதிவேட்டை அழிக்கலாகாது என்றும் சொல்கிறது. காகிதம் என்றோ கணினி என்றோ சட்டம் பேதம் பாராட்டவில்லை. ஆகவே, “கணினியில் அழிந்துவிட்டது” என்று சொல்லும் உத்தியோகத்தர் சட்டத்தின் கண்ணில் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை. பேணும் கடமையில் தமது கந்தோர் தவறியதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. அழிந்ததை உடனே பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தற்செயலாக நேரும் அழிவையும் தரவு மீறலாகவே கருதி, அறிவிக்கும் கடமையை விதிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆயின் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. டலஸில் நான்கு மாதங்கள் மௌனம் காத்ததற்கு நாம் வியக்கிறோமே, எமது நாட்டில் நான்கு ஆண்டுகள் மௌனம் காத்தாலும் எவர் கேட்பார்?

எனவே எமது பிரதேச சபைகளிலும் மாகாண நிருவாகத்திலும் பாராளுமன்றத்திலும் இருக்கின்ற மக்கள் பிரதிநிதிகள் இதை ஒரு கோரிக்கையாக எடுக்கவேண்டும். கோப்பு அழிந்ததை அதே நாளில் தாமாகவே அறிவிக்கும் ஊழியர் தண்டிக்கப்படலாகாது. அறிந்தும் மறைத்தவரே, அவர் எந்தப் பதவியிலிருந்தாலும், தண்டிக்கப்படவேண்டும். இது நடைமுறையானால் அந்த முதல் மணித்தியாலம் வீணாகாது. காப்புப் பிரதி எடுத்தோம் என்று எழுதி வைத்தால் மாத்திரம் போதாது. ஆண்டுக்கு இருமுறையாவது அதிலிருந்து ஒரு கோப்பை உண்மையாகவே மீட்டுப் பார்த்துக் கையொப்பமிடவேண்டும். கிட்லாப்பிலும் பிரதி எடுக்கப்படுவதாகத்தான் எண்ணியிருந்தார்கள். எமது சங்கங்களும் கூட்டுறவுச் சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் இதில் மேலானவை என்று சொல்லிக்கொள்ள இயலாது. அங்கத்தவர் இடாப்பும் கணக்கும் செயலாளரின் ஒரேயொரு மடிக்கணினியில் கிடக்கும் சங்கங்கள் எத்தனை! செயலாளர் மாறும்பொழுது சாவிக்கொத்தைக் கேட்டு வாங்குகிறோம்; கோப்புகளைக் கேட்கிறோமா?

இறுதியாக, இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வரவேண்டாம். அந்தப் பதிலை எழுத்திலே தரும்படி கேளுங்கள். தராவிடின், அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கோப்பு அழிந்த திகதி யாது. அது எவருக்கு எப்பொழுது அறிவிக்கப்பட்டது. அறிவித்த பின்னும் அந்தக் கணினி பாவனையில் இருந்ததா. மீட்க முயன்றவர் யார், அவர் கொடுத்த அறிக்கை எங்கே. காப்புப் பிரதி கடைசியாக எடுக்கப்பட்டதும் கடைசியாகச் சோதிக்கப்பட்டதும் எந்தெந்த நாட்களில் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதிலும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தை மூன்று பிரதியாக எழுதுங்கள்: ஒன்று கந்தோருக்கு, பெற்றுக்கொண்ட கையொப்பத்தோடு ஒன்று உங்கள் வீட்டுக்கு, மற்றது உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு.